சிங்கப்பூரின் சோறு, தண்ணீர், மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் புவியியல் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கீழே உள்ள கேள்விகளில் பாதி அவர்கள் கேட்டவை. மீதி, ஊரிலிருந்து வந்து தங்கிய சொந்தக்காரர்கள் சாப்பாட்டு மேசையில் கேட்டவை. வகுப்பில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்ததை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

காசு இருக்கிற நாட்டுக்கு இதில் என்ன கவலை? வேண்டியதை வாங்கிக்கொள்ளலாமே?

2022 ஜூன் முதல் வாரத்தில் தேக்கா சந்தைக்குப் போனவர்களுக்கு இதற்கான பதில் தெரியும். தன் நாட்டில் கோழிக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியதால், ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை நிறுத்துவதாக மலேசியா அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு நமக்கு வந்த கோழியில் 34 விழுக்காடு மலேசியாவிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி உயிரோடு லாரியில் கடற்பாலம் தாண்டி வந்து இங்கே வெட்டப்படும். நான் வழக்கமாக வாங்கும் கடையில் வெட்டுப்பலகையைக் கழுவி, சுவரோரம் சாய்த்துக் காயவைத்திருந்தார்கள். அந்தப் பலகை காய்ந்து நான் பார்த்ததே இல்லை. என் பையில் பணம் இருந்தது. கடையில் கோழி இல்லை.

யாரும் பட்டினி கிடக்கவில்லை. பிரேசிலிலிருந்து வரும் உறைகோழி கிடைத்தது. மாதம் முடிவதற்குள் இந்தோனேசியக் கோழிக்கும் அனுமதி கொடுத்தார்கள். அக்டோபரில் மலேசியா தடையை முழுதாக நீக்கியது. இதில் மலேசியாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தன் மக்களுக்குப் போதாதபோது எந்த நாடும் அதைத்தான் செய்யும். வாங்கித் தின்னும் நாடு அந்த நாளுக்கு முன்கூட்டியே தயாராக இருந்தாக வேண்டும்.

உணவு, தண்ணீர், மின்சாரம் மூன்றையும் ஏன் ஒன்றாகவே பேசுகிறீர்கள்? மூன்றும் வேறு வேறு துறைகள்தானே?

அலுவலகங்கள்தான் வேறு. தண்ணீருக்குப் பொதுப் பயனீட்டுக் கழகம், உணவுக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு, மின்சாரத்துக்கு எரிசக்திச் சந்தை ஆணையம். ஆனால் கணக்கு ஒன்றுதான். ஒன்றில் குறை வந்தால் மற்றொன்றிலிருந்து எடுத்துத்தான் அடைக்கிறோம்.

கடல்நீரைக் குடிநீராக்கலாம், அதற்கு மின்சாரம் வேண்டும். மாடிக் கட்டடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் கீரை வளர்க்கலாம், அதற்கும் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரமோ ஏறத்தாழ 95 விழுக்காடு வெளிநாட்டிலிருந்து வாங்கும் இயற்கை எரிவாயுவில் இயங்குகிறது. ஆக, வறட்சிக் காலத்தில் ஒருவர் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கினால், எங்கோ ஒரு சுழலி அதற்காக எரிவாயு எரிக்கிறது.

நான்காவதாக ஒன்றும் உண்டு: நிலம். தீவு முழுவதும் சுமார் 735 சதுர கிலோமீட்டர். அதில் 60 லட்சம் பேர். நிலத்துக்காக நடந்த பழைய விட்டுக்கொடுப்பு ஒன்றை மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன். ஒரு காலத்தில் பன்றி இறைச்சியில் நாம் தன்னிறைவு பெற்றிருந்தோம். பண்ணைக் கழிவு நீர்த்தேக்கத்தில் கலக்கக் கூடாது என்பதற்காக 1970களில் கிராஞ்சிப் பக்கத்துப் பண்ணைகளைப் பொங்கோலுக்கு மாற்றினார்கள். 1984-இல், பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்துவது என்று முடிவாயிற்று. 1990 வாக்கில் எல்லாம் மூடப்பட்டன. 2011 முதல் அதே பொங்கோலில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. இறைச்சியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், தண்ணீரை இங்கேயே வைத்துக்கொள்வோம் என்று ஒரு தலைமுறை முடிவெடுத்தது. பண்ணைக்காரர்களுக்கு அது எளிதாக இருந்திருக்காது. ஆனால் முடிவு சரியானது என்றே நினைக்கிறேன்.

'நான்கு தேசியக் குழாய்கள்' என்று பாடப்புத்தகத்தில் வருகிறதே, அவை என்ன?

மழைநீர், பக்கத்திலுள்ள மலேசிய மாநிலமான ஜொகூரிலிருந்து வாங்கும் நீர், புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), உப்பு நீக்கிய கடல்நீர். இந்த நான்கும்தான்.

இங்கேதான் அடிக்கடி கொட்டித் தீர்க்கிறதே. மழைநீர் ஒன்றே போதாதா?

மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது. பெய்ததைப் பிடித்து வைக்க இடம்தான் இல்லை. பெரிய ஆறு இல்லை, மலை இல்லை, நிலத்தடி நீரும் பெரிதாக இல்லை.

அதனால் ஊரையே ஏந்துபாத்திரமாக்கிவிட்டார்கள். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. மொத்தம் 17 நீர்த்தேக்கங்கள். உங்கள் புளோக்குக்குக் கீழே ஓடும் திறந்த வாய்க்கால் இருக்கிறதே, அது சாக்கடை இல்லை. கழிவறை நீரும் சமையலறை நீரும் தனிக் குழாயில் போகின்றன. வாய்க்காலில் போவது மழைநீர், அது போய்ச் சேருமிடம் பெரும்பாலும் ஒரு நீர்த்தேக்கம். வாய்க்காலில் சிகரெட் துண்டை வீசுகிறவர் அடுத்த வாரக் குடிநீரில் வீசுகிறார். இதை ஒரு முறை புரிந்துகொண்ட பிள்ளைகள் அப்புறம் வாய்க்காலைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. அதை நானே பார்த்திருக்கிறேன்.

1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் சுத்தம் செய்தார்கள். அந்த வேலை நடந்திருக்காவிட்டால், நகரின் நடுவே 2008-இல் மரினா அணைக்கட்டைக் கட்டி அதற்குப் பின்னால் குடிநீர் தேக்கியிருக்க முடியாது.

ஜொகூர் ஒப்பந்தம் 2061-இல் முடிகிறதே, அதன் பிறகு?

1962-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 சென் (மலேசியக் காசு) விலை. அதில் ஒரு பகுதியைச் சுத்திகரித்து ஆயிரம் கேலன் 50 சென்னுக்கு ஜொகூருக்கே திருப்பி விற்கிறோம். 3 சென் மிகக் குறைவு என்பது மலேசியாவின் நெடுநாள் வருத்தம். சுத்திகரிக்க ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கே திருப்பித் தருகிறோம் என்பது சிங்கப்பூரின் பதில்.

எல்லோரும் 2061-ஐப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கு 2016தான் மனத்தில் நிற்கிறது. ஜொகூர் ஆற்றுக்கு நீர் விடும் லிங்கியூ நீர்த்தேக்கம் அந்த ஆண்டு அக்டோபரில் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. ஒப்பந்தம் அப்படியே இருந்தது, ஆற்றில்தான் தண்ணீர் இல்லை. ஒப்பந்தம் முடியும் நாள் முன்கூட்டியே தெரியும். வறட்சி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 2061-க்குள் தண்ணீரில் சொந்தக் காலில் நிற்க முடியும் என்று அரசாங்கம் சொல்லி வருகிறது. புதுநீரும் கடல்நீரும் அதற்காகத்தான்.

பழைய காலத்தில் தண்ணீர்ப் பங்கீடு இருந்ததாமே?

இருந்தது. 1963 ஏப்ரலிலிருந்து சுமார் பத்து மாதங்கள். வாரத்தில் பல நாள், மணிக்கணக்காகக் குழாயில் தண்ணீர் வராது. அம்மா அப்போது சிறுமி. வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு, அடையாளத்துக்குக் கைப்பிடியில் பழைய துணியைக் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாராம். இன்றைக்கும் அரிசி கழுவிய நீரைக் கீழே கொட்ட மாட்டார். அது கறிவேப்பிலைத் தொட்டிக்குத்தான் போகும்.

புதுநீர் என்பது கழிவுநீர்தானே? அதைக் குடிக்கலாமா?

ஆமாம், கழிவுநீரிலிருந்துதான் வருகிறது. குடிக்கலாம், நானும் குடித்திருக்கிறேன். மற்ற சுத்தமான தண்ணீருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உப்புச் சத்தெல்லாம் போய்விடுவதால் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது, அவ்வளவுதான்.

கழிவுநீரை முதலில் வழக்கமான முறையில் சுத்திகரிக்கிறார்கள். அதன் பிறகு மூன்று படிகள். முதலில், மிக நுண்ணிய துளைகள் உள்ள சவ்வில் வடிகட்டும்போது மிதக்கும் துகள்களும் பெரும்பாலான கிருமிகளும் நின்றுவிடுகின்றன. அடுத்தது ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ். அழுத்தம் கொடுத்து இன்னும் இறுக்கமான சவ்வு வழியாகத் தள்ளும்போது கரைந்திருக்கும் உப்பு, உலோகம், வைரஸ் எல்லாம் பின்தங்கிவிடும். வீட்டில் ஆர்ஓ இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த முறைதான். கடைசியாகப் புற ஊதா ஒளி. தப்பித் தவறி ஏதாவது கிருமி இருந்தால் அதில் செத்துவிடும்.

1974-இலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அன்றைய சவ்வுகள் விலை அதிகம், நம்பகமும் இல்லை. கைவிட்டுவிட்டார்கள். 2000-இல் பிடோக்கில் மாதிரி ஆலை கட்டி இரண்டு ஆண்டுகள் சோதித்தார்கள். 2002 தேசிய தின அணிவகுப்பில் பல்லாயிரம் பேர் புதுநீர்ப் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக் குடித்தார்கள். 2003-இல் விநியோகம் தொடங்கியது. அறிவியல் தயாரான பிறகும் மக்கள் மனம் தயாராக நேரம் வேண்டும் என்று புரிந்து செய்தார்கள். அந்தப் பொறுமைக்காகவே இந்தத் திட்டத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

சரி, இன்று உங்கள் குழாயில் வருவது புதுநீரா? நேரடியாக இல்லை. பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கணினிச் சில்லு செய்யும் ஆலைகளுக்கு இவ்வளவு தூய நீர்தான் வேண்டும். வறண்ட மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கங்களில் கலக்கிறார்கள். அது மறுபடி சுத்திகரிக்கப்பட்டுத்தான் வீட்டுக்கு வரும். நாட்டின் தேவையில் 40 விழுக்காடு வரை புதுநீரால் ஈடுகட்ட முடியும். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரத்தில் 1968 முதலே சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு கலந்து கொடுக்கிறார்கள். நாம் தொடங்கும்போது அவர்களுக்கு 30 ஆண்டுக்கும் மேலான அனுபவம் இருந்தது.

சுற்றிலும் கடல். எல்லாவற்றையும் கடல்நீரிலிருந்தே எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது இல்லையா?

தண்ணீர்ப் பிரச்சினை மின்சாரப் பிரச்சினையாக மாறும். ஒரு கனமீட்டர், அதாவது 1,000 லிட்டர் கடல்நீரை உப்பு நீக்க ஏறத்தாழ 3.5 யூனிட் மின்சாரம் ஆகிறது. மழைநீரைச் சுத்திகரிக்க இதில் சிறு பங்குதான் செலவு. ஒருவர் வீட்டில் ஒரு நாள் செலவழிக்கும் 140 லிட்டரையும் கடலிலிருந்தே எடுத்தால், அதற்கு மட்டும் அரை யூனிட். ஒரு மின்விசிறி பத்து மணி நேரம் ஓடும் கணக்கு. வீட்டில் ஐந்து பேர், ஊரில் 60 லட்சம் பேர் என்று பெருக்கிப் பாருங்கள்.

2005-இல் துவாஸில் முதல் ஆலை வந்தது. இப்போது ஐந்து இருக்கின்றன. எனக்குப் பிடித்தது 2020-இல் திறந்த மரினா கிழக்கு ஆலை. வெயில் காலத்தில் கடல்நீரை எடுக்கும், மழைக்காலத்தில் நீர்த்தேக்கத்து நீரை எடுக்கும். மழைநீர் கையில் இருக்கும்போது கடல்நீருக்கு மின்சாரம் செலவழிப்பானேன்? கூரை முழுக்கப் புல்வெளி, மேலே குழந்தைகள் ஓடுகிறார்கள். அடியில் ஆலை இருப்பதே பலருக்குத் தெரியாது.

வீட்டில் நாங்கள் சிக்கனமாக இருந்தால் மட்டும் போதுமா? தொழிற்சாலைகள்?

நியாயமான கேள்வி. நாள் ஒன்றுக்குச் சுமார் 440 மில்லியன் கேலன் தண்ணீர் செலவாகிறது. அதில் வீடுகள் பாதிக்கும் குறைவு. மீதி தொழிற்சாலைகள், கடைகள், அலுவலகங்கள். இனி வரும் பத்தாண்டுகளில் அந்தப் பங்குதான் கூடப்போகிறது. மின்சாரத்தில் இன்னும் தெளிவு: வீடுகளின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடுதான். 2020-இல் தரவு மையங்கள் மட்டும் 7 விழுக்காடு எடுத்துக்கொண்டன. புதிய தரவு மையங்களுக்கு 2019-இலிருந்து ஒரு தற்காலிகத் தடை போட்டு, 2022-இல்தான் நிபந்தனைகளோடு நீக்கினார்கள்.

தண்ணீரை நிறையப் பயன்படுத்தும் சில்லு, மின்னணு, உயிர்மருத்துவ ஆலைகள் புதிதாக வந்தால் உள்ளேயே தண்ணீரை மறுசுழற்சி செய்ய வேண்டும் என்று 2024 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இதை இன்னும் முன்பே செய்திருக்கலாம் என்பது என் கருத்து. ஐந்து நிமிடத்தில் குளித்து முடியுங்கள் என்று வீடுகளுக்குச் சொல்லும் நாடு ஆலைகளிடமும் அதே கண்டிப்பைக் காட்ட வேண்டும்.

அதற்காக வீட்டில் விட்டுவிட முடியாது. 2023-இல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 141 லிட்டர். 2030-க்குள் 130-க்குக் கொண்டுவர வேண்டும் என்பது இலக்கு. வித்தியாசம் 11 லிட்டர். ஒரு வாளித் தண்ணீர்.

தண்ணீர் விலையை ஏன் ஏற்றிக்கொண்டே போகிறார்கள்?

2025 ஏப்ரல் முதல் ஒரு கனமீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. மாதம் 40 கனமீட்டருக்கு மேல் போனால் இன்னும் அதிகம். மின்சாரம், ரசாயனம், குழாய் மாற்றும் வேலை எல்லாம் விலை ஏறிவிட்டன. அதற்கு மேல், அடுத்த சொட்டுத் தண்ணீரை எங்கிருந்து கொண்டு வருகிறோமோ அந்தச் செலவு விலையில் தெரிய வேண்டும் என்பது இங்கே பழைய கொள்கை. அடுத்த சொட்டு என்றால் இப்போது கடல்நீரும் புதுநீரும்தான்.

விலை ஏற்றினால் சிரமப்படுகிறவர்களுக்கு யூ-சேவ் கழிவு இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் இருக்கும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பயனீட்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். சிறிய வீட்டுக்கு அதிகக் கழிவு. தண்ணீரை எல்லோருக்கும் மலிவாக விற்பதைவிட, இல்லாதவருக்கு நேரடியாக உதவுவது நல்ல வழி. ஆனால் நான்கைந்து பேருக்கு மேல் இருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே 40 கனமீட்டர் வரம்பு என்பது எனக்கு உறுத்தல்தான்.

மின்சாரம் முழுக்க எரிவாயுவை நம்பியிருப்பது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். 2021-இல் அதை நேரடியாகப் பார்த்தோம். இந்தோனேசியாவிலிருந்து குழாய்வழி வரும் எரிவாயுவில் தடங்கல், அதே சமயம் உலகச் சந்தையில் விலை உச்சம். மின்சார மொத்த விலை தாறுமாறாக ஏறி, சில்லறை விற்பனை நிறுவனங்கள் பல தொழிலைவிட்டே போயின. எனக்கு மின்சாரம் விற்ற நிறுவனமும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தியது. இரண்டு ஆண்டு நிலையான விலை என்று கையெழுத்துப் போட்டு ஏழு மாதம்கூட ஆகவில்லை. விளக்கு ஒரு நொடிகூட அணையவில்லை. பழைய கட்டண முறைக்குத் தானாக மாற்றிவிட்டார்கள்.

குழாய்வழி எரிவாயு மலேசியா, இந்தோனேசியா இரண்டிலிருந்தும் வருகிறது. 2013-இல் ஜூரோங் தீவில் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறந்த பிறகு, கப்பல் போகும் எந்த நாட்டிலிருந்தும் வாங்க முடிகிறது. 2021-க்குப் பிறகு அவசரத்துக்கென்று தனிக் கையிருப்பு ஏற்பாடும் செய்தார்கள். இதெல்லாம் பாதுகாப்பைக் கூட்டும், புகையைக் குறைக்காது. புகைக்குத்தான் கரிம வரி. ஒரு டன்னுக்கு 5 வெள்ளி என்று 2019-இல் தொடங்கி, 2024-இல் 25 ஆகி, 2026-இல் 45 என்று ஏறுகிறது.

வருடம் முழுக்க வெயில் அடிக்கிற ஊர். சூரியசக்தி ஏன் போதவில்லை?

மறுபடியும் நிலம்தான். தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 2021-இல் ஒரு மிதக்கும் சூரியசக்திப் பண்ணை திறந்தார்கள். 1,22,000 தகடுகள், 45 ஹெக்டேர், திறன் 60 மெகாவாட். தண்ணீரின் குளிர்ச்சியில் தகடுகள் கூரை மேல் இருப்பதைவிட நன்றாக வேலை செய்கின்றன. இங்கு கிடைக்கும் மின்சாரம், உள்ளூர் நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் தேவையை ஈடுகட்டுகிறது. நீர்த்தேக்கம் தன்னைச் சுத்தம் செய்யும் மின்சாரத்தைத் தன் முதுகிலேயே சுமப்பது போல. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இப்போது ஒரு தோராயக் கணக்கு. வகுப்பில் பலகையில் போட்டுக் காட்டுவது. இங்குள்ள வெயிலுக்கு 60 மெகாவாட் தகடுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடி யூனிட் தரும். நாடு ஓராண்டில் செலவழிப்பது சுமார் 5,500 கோடி யூனிட். ஆக, 700-க்கும் மேல் தெங்கேக்கள் வேண்டும். பரப்பு என்று பார்த்தால் 330 சதுர கிலோமீட்டர். தீவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. வீடு, சாலை, காடு, விமான நிலையம் எல்லாவற்றையும் எங்கே வைப்பது? அதோடு பிற்பகல் இடிமழையில் உற்பத்தி நிமிடங்களில் சரிந்துவிடும். அதைத் தாங்கிக்கொள்ள ஜூரோங் தீவில் பெரிய மின்கலத் தொகுதி வைத்திருக்கிறார்கள்.

காற்றாலை? இங்கே காற்று போதாது. நீர்மின்சாரம்? விழுவதற்கு உயரம் இல்லை.

அப்படியானால் மின்சாரத்தையும் வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டும். 2022 ஜூனில் லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரத் தொடங்கியது. 2035-க்குள் சுமார் 6 கிகாவாட் குறைந்த கரிம மின்சாரத்தை இறக்குமதி செய்வது இலக்கு.

கோழிக்கு நடந்தது மின்சாரத்துக்கும் நடக்காதா என்று ஒரு மாணவி கேட்டாள். நடக்கலாம். அதனால்தான் ஒரே நாட்டை நம்பாமல் பல நாடுகளோடு பேசுகிறார்கள். கம்பி அறுந்தாலும் ஊர் இருளாகாதபடி உள்ளூர் ஆலைகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும். கோழி உறைபெட்டியில் இருக்கும், மின்சாரத்தை அப்படி மாதக்கணக்கில் சேர்த்து வைக்க முடியாது என்று அவளே வித்தியாசத்தையும் சொன்னாள். அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை.

உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. எப்படித் தூங்குகிறீர்கள்?

பல இடங்களில் வாங்குவதால். 170-க்கும் மேற்பட்ட நாடுகள், வட்டாரங்களிலிருந்து உணவு வருகிறது. அரிசிக்குத் தனி ஏற்பாடு. வெள்ளை அரிசி இறக்குமதி செய்கிறவர்கள் இரண்டு மாத இறக்குமதி அளவுக்குக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்று 1990-இலிருந்து விதி. 2020 மார்ச்சில் மலேசியா எல்லையை மூடப்போகிறது என்றதும் ஒரே இரவில் கடைகளில் அரிசியும் நூடல்ஸும் காலியாயின. அடுத்த சில நாட்களில் அடுக்குகள் மறுபடி நிரம்பியதற்கு இந்தக் கையிருப்பும் ஒரு காரணம்.

'2030-க்குள் 30 விழுக்காடு' என்ற உள்ளூர் உணவு இலக்கு என்ன ஆனது?

கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 2030-க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்று 2019-இல் அறிவித்தார்கள். வேளாண்மைக்கு இருப்பதோ மொத்த நிலத்தில் ஒரு விழுக்காடு அளவு. அதனால் அடுக்குப் பண்ணைகளை நம்பினார்கள். எரிசக்தி விலை ஏறியதும் கணக்கு உடைந்தது. கடலுக்கு அப்பால் இலவச வெயிலில் வளரும் கீரையோடு, காசு கொடுத்து ஏற்றிய விளக்கில் வளரும் கீரை போட்டி போட முடியவில்லை. பல பண்ணைகள் மூடின. 2025 நவம்பரில் புது இலக்கு வந்தது: 2035-க்குள் நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, புரத உணவில் 30 விழுக்காடு உள்ளூரிலேயே. காய்கறி, முளைப்பயறு, காளான் முதல் வகை. முட்டை, மீன் போன்றவை இரண்டாவது.

என் புளோக்குக்கு அடியில் உள்ள சமூகத் தோட்டத்தில் எனக்கும் ஒரு பாத்தி உண்டு. கங்கோங் கீரை, வெண்டை, பச்சைமிளகாய். முழு உழைப்பையும் போட்டு, வாரம் இரண்டு வேளைக் குழம்புக்குக் காய் வரும். விளைவிக்கிறவர் படும் பாடு தெரிவதால் இந்தத் தோல்வியை என்னால் ஏளனமாகப் பார்க்க முடியாது. இலக்கு பெரிதாக இருந்தது, மின்சாரத்தைக் கணக்கில் சேர்த்தது போதாது.

முட்டை மட்டும் வேறு கதை. நாம் சாப்பிடுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இங்குள்ள ஒரு சில பண்ணைகளிலிருந்தே வருகிறது. கோழியை அடுக்கி வளர்க்க விளக்கு வெயிலுக்கு ஈடாக எரிய வேண்டியதில்லை.

மிச்சமாகும் உணவு எங்கே போகிறது?

2023-இல் 7,55,000 டன் உணவுக் கழிவு. அதில் 18 விழுக்காடுதான் மறுசுழற்சிக்குப் போனது. மீதி எரிக்கப்பட்டது. எரிக்கும்போது மின்சாரம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் எஞ்சிய குழம்பும் சோறும் பெரும்பாலும் தண்ணீர். ஈர விறகை அடுப்பில் வைத்தது போல, உலர்த்தவே பாதி வெப்பம் போய்விடும். எரித்த சாம்பல் 1999 முதல் செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. நம்மிடம் உள்ள ஒரே குப்பைமேடு அது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

துவாஸில் கட்டிவரும் புதிய வளாகத்தில் கழிவுநீர் ஆலையையும் குப்பை ஆலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார்கள். உணவுக் கழிவைக் கழிவுநீர்ச் சேற்றோடு சேர்த்து நொதிக்க வைத்தால், தனித்தனியே செய்வதைவிட அதிக உயிர்வாயு கிடைக்கும். அதை எரித்து மின்சாரம் எடுத்து இரண்டு ஆலைகளையும் ஓட்டுவார்கள். நான் மேலே சொன்ன ஒரே கணக்கு என்பதை ஒரே வேலிக்குள் பார்க்க வேண்டுமென்றால் அந்த இடம்தான்.

வீட்டில் எதை மாற்றினால் உண்மையிலேயே பலன் உண்டு?

ஏர்கான். இரவு முழுதும் ஓடுவதை 25 பாகையில் வைத்து, கூடவே விசிறி போடுங்கள். அடுத்து ஷவரில் நிற்கும் நேரம். சுடுநீர் என்றால் தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்து ஓடுகிறது. மூன்றாவது, சமைக்கும் அளவு. தீபாவளிக்கு மறுநாள் குப்பைத் தொட்டியைப் பாருங்கள், புரியும். சொருகியைப் பிடுங்கி வைப்பது, விளக்கை அணைப்பது எல்லாம் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் முதல் மூன்றுக்குப் பக்கத்தில் வராது.

பிள்ளைகளுக்கு நேரில் காட்ட ஏதாவது இடம்?

மரினா அணைக்கட்டு. கட்டணம் இல்லை. கூரைப் புல்வெளியில் பட்டம் விடுகிற கூட்டத்தைத் தாண்டிப் பாலத்துக்கு வாருங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் குடிநீர், நடுவில் ஒன்பது மதகுகள். கனமழை பெய்து கடல் மட்டம் தாழ்வாக இருந்தால் மதகைத் திறந்து விடுவார்கள். கடல் உயர்ந்திருந்தால் திறக்க முடியாது, ஏழு ராட்சத பம்புகள் நீரை வெளியே தள்ளும். நல்ல மழை விட்ட கையோடு போனால் இதில் ஏதாவது ஒன்றைப் பார்க்கலாம். குடை எடுத்துக்கொள்ளுங்கள், பாலத்தில் ஒதுங்க இடம் குறைவு.